பல அளவுகோல் முடிவெடுப்பு முறை (கட்டுமானம்)

பல அளவுகோல் முடிவெடுப்பு முறை என்பது, ஒன்றுக்கொன்று முரண்படும் தேவைகளைச் சேர்த்துக் கணக்கிட்டு, கையிலுள்ள வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க உதவும் முறையாகும். அடித்தள வகை, பாலத்தின் அமைப்பு, ஒப்பந்தப்புள்ளி போன்றவற்றைத் தேர்வு செய்யக் கட்டுமானத் துறையில் பயன்படுகிறது.

இது பெரிய திட்டங்களுக்கு மட்டும் உரியதல்ல. பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை அடுத்த மேடவாக்கம் போன்ற பகுதிகளில், சாலை உயர உயரப் பழைய வீடுகள் பள்ளத்தில் நின்றுவிடுகின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயல் மழையையும் பார்த்த வீட்டுக்காரருக்கு மூன்று வழிகள் உண்டு: சுவருக்கு அடியில் ஜாக்கிகள் வைத்து வீட்டையே சிறிது சிறிதாகத் தூக்குவது, இடித்துக் கட்டுவது, வீட்டுக்குள் மண் நிரப்பித் தரையை மட்டும் உயர்த்துவது.

ஒவ்வொன்றுக்கும் 10-க்கு மதிப்பெண் இடுவோம். செலவு, வெள்ளப் பாதுகாப்பு, ஆயுள் என்ற வரிசையில் ஜாக்கிக்கு 6, 8, 5. இடித்துக் கட்டுவதற்கு 2, 9, 10. தரை உயர்த்தலுக்கு 9, 5, 3. (செலவு குறைந்தால் மதிப்பெண் கூடும். எண்கள் விளக்கத்துக்காக இடப்பட்டவை.)

இனி, எது எவ்வளவு முக்கியம் என்ற எடை. செலவுக்கு 50%, பாதுகாப்புக்கு 30%, ஆயுளுக்கு 20% என்றால் ஜாக்கி 6.4, இடித்துக் கட்டுவது 5.7, தரை உயர்த்தல் 6.6. எடையை 20, 40, 40 என்று மாற்றினால் முறையே 6.4, 8.0, 5.0. வீடு அதே வீடுதான், முடிவு தலைகீழாகிவிட்டது. ஆகவே எடைகளை முதலிலேயே எழுதி வைத்துவிட வேண்டும். விலைப்பட்டியலைப் பார்த்தபின் எடை போட்டால், மனத்தில் முன்பே முடிவு செய்ததற்குக் கணக்கு ஒத்து ஊதும்.

இன்னொரு குறையும் உண்டு. முதல் கணக்கில், பாதுகாப்பில் 5 மட்டுமே பெற்ற வழி மலிவினால் முந்திவிட்டது. பத்தாம் வகுப்பில் மொத்த மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் ஒவ்வொரு பாடத்திலும் 35 எடுத்தால்தான் தேர்ச்சி. இங்கும் அப்படியே. பாதுகாப்புக்குக் குறைந்தது 7 என்று விதித்தால் தரை உயர்த்தல் விலகி, ஜாக்கி முதலிடம் பெறும்.

எடைகளை ஒழுங்காகக் காண, தாமஸ் சாட்டி 1970-களில் உருவாக்கிய படிநிலைப் பகுப்பாய்வு முறை உதவும். அளவுகோல்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டு 1 முதல் 9 வரை மதிப்பிட வேண்டும். செலவைவிடப் பாதுகாப்பு முக்கியம், ஆயுளைவிடச் செலவு முக்கியம் என்று சொன்னவரே பாதுகாப்பைவிட ஆயுள் முக்கியம் என்றால், அந்த முரணை இம்முறையின் இசைவு விகிதம் காட்டிக்கொடுக்கும், அது 0.10-க்கு மேல் போனால் மறுபடி ஒப்பிட வேண்டும். ஹுவாங், யூன் இருவரும் 1981-இல் வெளியிட்ட டாப்சிஸ் முறை, சிறந்த நிலைக்கு அருகிலும் மோசமான நிலைக்குத் தொலைவிலும் உள்ள வழியைத் தேடுகிறது.

எந்த முறையானாலும் மதிப்பெண்ணுக்கு ஆதாரம் வேண்டும். பாதுகாப்புக்குச் சுவரில் உள்ள பழைய வெள்ளக் கோடும் இன்றைய சாலை மட்டமும் போதும். ஆயுளுக்கு, சுவரையும் அடித்தளத்தையும் கட்டமைப்புப் பொறியாளர் பார்க்க வேண்டும். வீட்டைத் தூக்கித்தர விலை சொல்பவரிடமே அந்த மதிப்பெண்ணையும் கேட்கக் கூடாது.