கம்பெனி பஸ் போகிற தூரத்தில் ஒரு வேலை

செய்யாறு, வந்தவாசிப் பக்கத்துக் கிராமங்களில் விடியற்காலை இருட்டிலேயே பெண்கள் சாலையோரம் வந்து நிற்பதைப் பார்க்கலாம். கையில் சாப்பாட்டுப் பை, கழுத்தில் அடையாள அட்டை. கம்பெனி பஸ் வந்ததும் ஏறி, பாதித் தூக்கத்தில் ஜன்னலோரம் சாய்ந்துகொள்கிறார்கள். செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டையில் தைவான் நாட்டு ஃபெங் டே குழுமத்தின் காலணித் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் அவர்கள். அங்கே வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள்தான்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் முன்பெல்லாம் வேலை என்றால் நடவு, களையெடுப்பு, வந்தவாசியில் கோரைப்பாய், ஆரணியில் பட்டுத்தறியும் அரிசி ஆலையும். அதுவும் இல்லையென்றால் குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்ப வேண்டியதுதான். இந்தக் கிராமங்களில் ஷூ தைக்கத் தெரிந்த யாரும் கிடையாது. வேலையில் சேர்ந்த பிறகு, லைனில் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டார்கள். அவர்களை வீட்டிலிருந்து வேலைக்குக் கூட்டிவந்தது பஸ். பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பலாம் என்ற உறுதி இருந்ததால் அப்பாவும் மாமியாரும் அனுப்பச் சம்மதித்தார்கள். கிராமப்புறத் திறன் பயிற்சியைப் பற்றி யோசிக்கிற யாரும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

பயிற்சிக்குப் பஞ்சமில்லை. பத்தாவது முடித்த பையனோ பெண்ணோ முதலில் போகக்கூடிய இடம் அரசு ஐ.டி.ஐ. வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளுக்கு எட்டாவது தேறியிருந்தாலே போதும். கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு, பஸ் பாஸும் சைக்கிளும் கிடைக்கும். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வருகிறவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் ஐ.டி.ஐ. படிப்புக்கும் பொருந்தும்.

அங்கே என்னதான் கற்றுத்தருகிறார்கள்? ஃபிட்டர் பிரிவில் சேர்ந்த பையனுக்கு முதல் மாதங்களில் கிடைப்பது ஒரு வைஸ், ஒரு அரம், ஒரு இரும்புத் துண்டு. அதை அவன் ராவிக்கொண்டே இருக்க வேண்டும். ராவிய முகத்தில் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பான். இடுக்கில் கீற்றாக ஒளி தெரிந்தால் மறுபடியும் அரம்தான். வெர்னியரில் அளவு கூடுதலாகக் காட்டினால் இன்னும் ராவலாம். குறைந்துவிட்டால் அந்தத் துண்டு போயிற்று, புதிதாகத் தொடங்க வேண்டும். உள்ளங்கை காய்த்துப்போகும். ஆனால் அந்தக் கைக்கு வந்த அளவுணர்வை வைத்துக்கொண்டு அவன் எந்தத் தொழிற்சாலைக்குள்ளும் நுழையலாம்.

டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, சுமார் 2,877 கோடி ரூபாயில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களில் ரோபோ, சி.என்.சி. எந்திரங்களோடு புதிய மையங்களைத் தமிழக அரசு அமைத்திருக்கிறது. நல்ல காரியம். அந்த எந்திரத்தைப் பழகிய பிள்ளையை வேலைக்கு எடுக்கும் ஆலை எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பதையும் கூடவே கேட்க வேண்டும். ஒரகடம் வரை போய் வாடகை அறையில் தங்கினால் சம்பளத்தில் பெரும்பகுதி அறைக்கும் மெஸ்ஸுக்குமே போய்விடும். அறுவடைக்கு ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகாமல் நின்றுவிடுவது இதனால்தான். சோம்பேறி என்று அவனைச் சொல்வது பெரிய அநியாயம்.

2014-இல் வந்த தீன்தயாள் உபாத்யாய கிராமீன் கௌசல்ய யோஜனா என்ற மத்திய அரசுத் திறன் பயிற்சித் திட்டம் கிராமப்புற இளைஞர்களுக்கானது. பயிற்சி பெறுவோரில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும், 70 சதவீதம் பேருக்காவது வேலை வாங்கித்தர வேண்டும் என்று விதி வைத்தார்கள். ஆனால் மூன்று மாதம் தொடர்ந்து வேலையில் இருந்தாலே கணக்கில் வேலை கிடைத்ததாகிவிடும். நான்காவது மாதம் பெட்டியோடு ஊர் திரும்பினால் அந்தக் கணக்கு மாறாது. ஒரு வருடமாவது பின்தொடர்ந்து பார்க்க வேண்டும்.

இந்த விஷயத்தில் ஆர்செட்டி எனப்படும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் மேல். தர்மஸ்தலாவுக்கு அருகே உஜிரேயில் 1982-இல் கோயில் அறக்கட்டளையும் இரு வங்கிகளும் சேர்ந்து தொடங்கிய முயற்சியிலிருந்து பிறந்தவை இவை. இன்று மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வங்கிகள் நடத்துகின்றன. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் இலவசம். பயிற்சி முடிந்த பிறகும் இரண்டு வருடம் தொடர்பில் இருந்து, கடன் வாங்கவும் கடை நடத்தவும் துணை நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு.

தமிழக அரசின் வாழ்ந்து காட்டுவோம் திட்டத்தின் சமுதாயத் திறன் பள்ளியும் எனக்குப் பிடித்த யோசனை. ஊரில் கொத்து வேலையோ எலெக்ட்ரிக்கல் வேலையோ நன்றாகத் தெரிந்தவரையே ஆசிரியராக்கி, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வைக்கிறார்கள். பஸ்ஸே வேண்டாம்.

பலருக்கும் தெரியாத இன்னொரு வழி தொழிற்பழகுநர் சட்டம். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் எதுவும் தன் ஆட்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை உதவித்தொகை கொடுத்து எடுத்தாக வேண்டும். சிப்காட்டில் எந்த ஆலையில் எத்தனை இடம் என்பதைச் சுற்றியுள்ள பள்ளிகளில் பிளஸ் டூ தேர்வு முடியும் வாரத்திலேயே பலகையில் எழுதி வைத்தால் என்ன?

வேலையில் சேர்வது முதல் படிதான். பத்து வருடமாக ஒரே தையல் எந்திரத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அடுத்த படி எங்கே இருக்கிறது? தினமும் எட்டு மணி நேரம் அந்த எந்திரத்தோடேயே இருப்பதால், ஊசி முறிவதையும் நூல் அறுவதையும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். எந்திரம் நின்றால் மெக்கானிக் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறாள். அந்தப் பழுதை நீக்கும் வேலையை அவளுக்கே கற்றுத்தரலாம். சம்பளமும் உயரும், பொறுப்பும் உயரும். இதற்கு அவளைச் சென்னைக்கு அனுப்ப வேண்டியதில்லை. வாரம் ஒரு நாள், செய்யாற்றிலேயே, ஷிஃப்ட் முடிந்ததும் ஒன்றரை மணி நேரம் வகுப்பு வைத்தால் போதும். அன்றைக்கு மட்டும் அவளை ஊருக்குக் கொண்டுபோய் விடும் பஸ் ஒன்றரை மணி நேரம் தாமதமாகக் கிளம்ப வேண்டும்.