நான்கு எண்களில் ஈரலின் நிலை

வலிக்காத வியாதி

கண்ணில் மஞ்சள் பூத்த பிறகும், வயிற்றில் நீர் கோத்த பிறகும், இரத்த வாந்தி கண்ட பிறகுமே நம்மில் பலர் ஈரலைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்குகிறோம்; அந்த வியாதியோ அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, வலியென்று ஒன்றையும் காட்டாமல், மிருதுவான ஈரலைத் தழும்பேற்றி இறுகவைக்கும் காரியத்தில் இறங்கிவிட்டிருக்கும். மதுவைத் தொடாதவருக்கு இந்த அபாயம் இல்லையென்று எண்ணுவது பெரும்பிழை. நீரிழிவும் பருமனும் உள்ளவர்களின் ஈரலில் படியும் கொழுப்பும், ஹெபடைட்டிஸ் பி, சி கிருமிகளும் அதே தழும்பை உண்டாக்க வல்லவை. 2021-ஆம் ஆண்டில் இந்திய அரசு, நீரிழிவு, புற்றுநோய், இருதய நோய் முதலியவற்றுக்கான தேசியத் திட்டத்தில் கொழுப்பு ஈரல் நோயையும் சேர்த்துக்கொண்டது இக்காரணத்தால்தான்.

'எல்லாம் நார்மல்' என்னும் ஆறுதல்

சர்க்கரைக்காக இரத்தம் கொடுத்துவிட்டு வாங்கிவரும் பரிசோதனைத் தாள்களில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்னும் இரண்டு எண்கள் பெரும்பாலும் இருக்கும். ஈரலின் உயிரணுக்கள் சேதமுறும்போது இரத்தத்தில் கசியும் நொதிகளின் அளவு அவை. பக்கத்தில் அச்சிட்ட எல்லைக்குள் அவை அடங்கியிருக்கக் கண்டு, தாளை மடித்துப் பீரோவில் வைத்துவிடுகிறோம். ஆனால், தழும்பு முற்றிய ஈரலிலும் இந்நொதிகள் எல்லை தாண்டாமலே இருப்பதுண்டு. ஆகவே அவ்வெண்களைத் தனித்தனியே பார்த்து அடையும் திருப்தி எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறது.

அதே தாள்களில் பிளேட்லெட் என்னும் தட்டணுக்களின் எண்ணிக்கையும் இருக்கிறது. டெங்குக் காலத்தில் மட்டும் நாம் பதறிப் பார்க்கும் இந்த எண்ணுக்கு ஈரலோடு நெருங்கிய சம்பந்தம் உண்டு: ஈரல் இறுகும்போது, குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் அதற்குள் பாயும் இரத்தம் தடைப்பட, மண்ணீரல் வீங்கித் தட்டணுக்களைத் தன்னுள்ளே பிடித்துவைத்துக்கொள்கிறது, அவற்றின் உற்பத்தியைத் தூண்டும் பொருளை ஈரல் சுரப்பதும் குறைந்துபோகிறது.

ஃபிப்-4 என்னும் கணக்கு

இம்மூன்று எண்களோடு வயதையும் சேர்த்துச் செய்யும் கணக்கே ஃபிப்-4. ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி. ஆகிய இரண்டும் ஒருங்கே தொற்றியவர்களுக்காக 2006-இல் வகுக்கப்பட்ட இது, பின்னர் கொழுப்பு ஈரலுக்கும் பயன்படலாயிற்று. வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்கி, வரும் தொகையை, ஆயிரங்களில் எண்ணிய தட்டணுக்களை எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கிய தொகையால் வகுக்க வேண்டும். அறுபது வயதுடைய ஒருவருக்கு எஸ்.ஜி.ஓ.டி. 40, எஸ்.ஜி.பி.டி. 36, தட்டணுக்கள் 1,60,000 என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான ஆய்வகங்களின் எல்லைப்படி இவற்றுள் ஒன்றும் பிழையன்று. ஆயினும் 2,400-ஐ 960-ஆல் வகுத்தால் 2.5 வருகிறது! 1.3-க்குக் கீழ் வந்தால் முற்றிய தழும்பு இருப்பது அரிது, 2.67-க்கு மேல் வந்தால் ஈரல் வைத்தியரை நாட வேண்டும்; இடைப்பட்டவர்கள், நம் அறுபது வயதுக்காரரைப் போல, ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் போன்ற இரண்டாம் பரிசோதனையைச் செய்துகொள்வது அவசியம். இவ்வளவுக்கும் புதிதாக ஒரு துளி இரத்தம்கூட எடுக்க வேண்டியதில்லை என்பதே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

கணக்கு பிசகும் இடங்கள்

முப்பத்தைந்து வயதுக்குட்பட்டோருக்கு இக்கணக்கை நம்புவதற்கில்லை. அறுபத்தைந்தைக் கடந்தவர்களுக்கு 1.3-க்குப் பதிலாக 2.0 என்பதைக் கீழெல்லையாகக் கொள்வர். டெங்கு போன்ற ஜுரத்தில் நொதி உயர்ந்து தட்டணு தாழ்வதால், அப்போது போடும் கணக்கு வீண் பீதியையே தரும். கடும் தேகப்பயிற்சிக்கு மறுநாளும் எஸ்.ஜி.ஓ.டி. ஏறியிருக்கலாம். ஹெபடைட்டிஸ் பி, சி தொற்றைக் கண்டறியவோ தனிப் பரிசோதனைகள் வேண்டும்.

பழைய தாள்கள்

வைத்தியரிடம் செல்லும்போது கடைசித் தாளை மட்டும் கொண்டுபோகாமல், பீரோவில் மடித்துவைத்த பழைய தாள்களையும் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். தட்டணுக்கள் ஓராண்டில் 2,40,000, மூன்றாண்டு கழித்து 2,00,000, இன்று 1,60,000 என்று இறங்கிவந்திருந்தால், ஒவ்வொரு தாளிலும் 'நார்மல்' என்றே அச்சிட்டிருப்பினும், அந்த இறக்கத்தை அவர் ஒரே பார்வையில் கண்டுகொள்வார்.