கட்டடத்தின் வெப்பக் கணக்கு

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தை எழுவான்கரை என்றும், வாவிக்கு மேற்கே வயல் பரந்த நிலத்தைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் வழங்கினர். ஞாயிறு எழும் கரை ஒன்று; ஞாயிறு படும் கரை மற்றொன்று. இன்று குளிரூட்டிகளுடன் பெரியதொரு மண்டபமோ அலுவலகமோ கட்ட விழைவோர், அனுமதி விண்ணப்பத்துக்கெனப் பொறியியலாளரைக் கொண்டு ஆக்குவிக்கும் வெப்பக் கணக்கும் அந்த இடத்திலிருந்தே தொடங்குகின்றது: உமது சுவர் எத்திசையை நோக்குகின்றது?

இக்கணக்கினைக் குளிரூட்டற் சுமைக் கணக்கு என்பர். வெளியிலிருந்து புகுவதும் உள்ளேயே பிறப்பதுமாகிய வெப்பத்தை, அறை வேண்டிய நிலையில் நிற்கும் பொருட்டு, எவ்வளவு விரைவாக அகற்றவேண்டும் என்பதே அதன் பொருள். இதனைத் தொன் என்னும் அளவாற் கூறுவது வழக்கம். 2000 இறாத்தல் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகுவதற்கு எவ்வளவு வெப்பம் வேண்டுமோ அவ்வளவை அதே நேரத்தில் அகற்றும் ஆற்றல் ஒரு தொன், ஏறத்தாழ 3.5 கிலோவாற்று. குளிர்நாடுகளில் வெப்பமூட்டற் சுமை என்று இன்னொரு பகுதியும் உண்டு. நுவரெலியாவில் அதற்குப் பொருள் இருக்கலாம். நமக்கு அந்த இடத்திற் கோடிட்டுவிடலாம்.

இலங்கையில் 2007 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தால் நிலைபெறுதகு வலு அதிகார சபை நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டிற் கட்டடங்களின் சக்திச் சிக்கனத்துக்கான விதித்தொகுப்பு ஒன்று வெளிவந்தது. பின்னர் அது திருத்தியும் வெளியிடப்பட்டது. பெரிய கட்டடங்களை நோக்கியே அது எழுதப்பட்டது. சிறு குடியிருப்பாளர் அஞ்சவேண்டியதில்லை.

ஆயினும் இக்கணக்கை வெறும் சடங்காகக் கருதினால் என்ன நேரும் என்பதை நான் பட்டறிந்தவன். சில ஆண்டுகளின் முன், நான் பொறுப்பிலிருந்த ஒரு பாடசாலையின் நூலகத்துக்குக் குளிரூட்டிகள் பொருத்தினோம். வழங்கியவர்கள் தரைப்பரப்பை ஓர் எண்ணால் வகுத்து, வந்த விடையோடு "பாதுகாப்புக்காக" இன்னும் கொஞ்சம் கூட்டி, ஒரு வரியில் எழுதித் தந்தனர். அத்தாளில் ஒப்பமிட்டவன் நானே. கச்சான் காற்று வீசிய ஆடி மாதத்தில் எல்லாரும் பாராட்டினார்கள். மார்கழி மழையிலோ, அறை குளிர்ந்திருந்தது. பழைய சஞ்சிகைத் தொகுப்புகளெல்லாம் பூஞ்சணம் பிடித்தன. சிலவற்றின் தாள்களைப் பிரித்தெடுக்கவே முடியவில்லை.

காரணம் இதுதான். குளிர்ந்த நீர் நிரம்பிய செம்பின் புறத்தே நீர்த்துளி அரும்புவதுபோல, இயந்திரத்தின் குளிர்ச்சுருளிற் காற்றின் ஈரம் படிந்து வடிகின்றது. சுருள் குளிர்ந்திருக்கும்போது மாத்திரமே அது நிகழும். அளவுக்கு மிஞ்சிய இயந்திரம் சில நிமிடங்களிலேயே அறையைக் குளிர்வித்து நின்றுவிடுகின்றது. ஈரம் அறையிலேயே தங்குகின்றது. சுருளிற் படிந்ததிலும் ஒரு பகுதி மீண்டும் ஆவியாகின்றது. கரியர் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் 1902 இல் நியூயோர்க்கின் புறூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக அமைத்த பொறியின் முதல் நோக்கமே தாளைக் கெடுக்கும் ஈரத்தை அடக்குவதுதான். நாம் அதனை மறந்து, குளிரை மட்டும் கேட்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டு. 100 பேர் அமரும் மண்டபம். அமைதியாக அமர்ந்திருக்கும் ஒருவர் வெளியிடும் வெப்பம் ஏறத்தாழ 115 வாற்று. ஆகவே மக்கள் மாத்திரமே மூன்று தொன்னுக்கு மேலாகின்றனர். ஒருவருக்கு நொடிக்கு 5 லீற்றர் புதுக்காற்று வேண்டும் எனக் கொள்வோம். வெளியே வெப்பநிலை 32 பாகை, ஈரப்பதன் நூற்றுக்கு 70. உள்ளே 25 பாகை, ஈரப்பதன் 55. அப்புதுக்காற்றிலிருந்து மணிக்கு ஏறத்தாழ 20 லீற்றர் நீரைப் பிரித்தெடுக்கவேண்டும். ஒரு பெரிய வாளி தளும்பும் நீர்! மக்களையும் விஞ்சி, புதுக்காற்று மாத்திரம் ஐந்து தொன்வரை கேட்கின்றது. அதிலும் பெரும்பங்கு ஈரத்துக்கே.

வெளியே 34 பாகையாயினும் கச்சானில் ஈரப்பதன் 50 ஆகத் தாழ்ந்தால் அந்நீர் ஏறத்தாழ 12 லீற்றராகக் குறையும். வாடைக்காலத்தில் 27 பாகையும் 90 ஈரப்பதனுமாயின், வெப்பம் மிகக் குறைவு. நீரோ மீண்டும் 20 லீற்றரளவு. எனவே ஆவணத்தின் முதற் பக்கத்தில் எந்தப் பருவத்தின் வெப்பநிலையும் ஈரப்பதனும் கொள்ளப்பட்டன என்று பாருங்கள். ஒன்றே ஒன்று எழுதியிருந்தால் மற்றப் பருவத்தையும் கேளுங்கள்.

அடுத்துத் திசை. எழுவான்கரையில் வாவியழகை நோக்கிக் கண்ணாடிச் சுவர் எழுப்பினால் அது மேற்கு நோக்கும். பிற்பகலிற் சாய்ந்த வெயில் நேரே உட்புகும். அதே ஆசையைப் படுவான்கரையில் நிறைவேற்றினால் காலை வெயில். நாம் ஏறத்தாழ 7 பாகை 43 கலை வட அகலாங்கில் இருப்பதால், தெற்கு யன்னலுக்கும் வடக்கு யன்னலுக்கும் சிறு தாழ்வாரமே நண்பகல் வெயிலை மறைக்கும். கிழக்குக்கும் மேற்குக்கும் அது போதாது. ஆகவே கண்ணாடியின் பரப்பும் வகையும் திசைவாரியாக எழுதப்படவேண்டும். மொத்தமாக எழுதியது பயனற்றது. கூரையையும் மறவாதீர். நண்பகலில் ஒரு சதுர மீற்றர் கூரைமீது ஆயிரம் வாற்றுவரை வெயில் விழும். ஓடா, தகடா, கொங்கிறீற்றா, கீழே உட்கூரை உண்டா என்பன தனித்தனியே குறிக்கப்படவேண்டும். விளக்குகள், கணினிகள், பயன்பாட்டு நேரம் ஆகியனவும் அவ்வாறே.

இன்னுமொன்று. கிழக்கறையின் உச்சச் சுமை காலையில். மேற்கறையினது மாலை நான்கு மணியளவில். இவ்விரு உச்சங்களையும் அப்படியே கூட்டிக் கட்டடத்துக்கென ஒரே பெரிய இயந்திரம் வாங்குவது, காலையுணவையும் இராவுணவையும் ஒரே வேளைக்குச் சமைப்பதை ஒக்கும். கணக்கு அறைவாரியாகவும் மணிவாரியாகவும் இருந்தால் இது தானே வெளிப்படும்.

எங்கள் நூலகத்தில் ஈற்றில் இரண்டு இயந்திரங்களுள் ஒன்றைக் கழற்றி வேறோர் அறைக்கு மாற்றினோம். எஞ்சியது நெடுநேரம் ஓடுகின்றது. அதன் வடிகுழாயின் கீழே வைத்த வாளியை மாரிகாலத்தில் ஒரு நாளைக்குப் பலமுறை ஊற்றவேண்டியிருக்கின்றது.