ஐம்பது ரூபாய் நகப்பூச்சின் முகவரி

ஃபேன்சி ஸ்டோர்களிலும் தெருவோரக் கடைகளிலும் ஐம்பது ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும் விற்கும் நகப்பூச்சு, உதட்டுச்சாயம், காஜல், காம்பாக்ட் பவுடர் ஆகியவற்றைக் குறித்து எழும் அச்சம் பெரும்பாலும் விலையைச் சார்ந்ததாகவே இருக்கிறது. மலிவானது கெடுக்கும், விலை கூடியது கெடுக்காது என்னும் இந்தக் கணக்கு சோதனைக்கு நிற்பதில்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 400 உதட்டுச்சாயங்களைச் சோதித்தபோது, ஈயத்தின் அளவு சராசரியாகப் பத்து லட்சத்தில் 1.11 பங்காகவும் மிக அதிகமாக 7.19 பங்காகவும் இருந்தது; அந்த உச்ச அளவு, பெயர் தெரியாத சரக்கில் அல்லாமல், உலகெங்கும் விளம்பரமாகும் நிறுவனம் ஒன்றின் பொருளில்தான் காணப்பட்டது. அந்த அளவுகள் கவலைக்குரியவை அல்ல என்றே அந்நிர்வாகம் முடிவு செய்தது என்றாலும், விலையைப் பாதுகாப்புச் சான்றாகக் கொள்ள முடியாது என்பது அந்தப் பட்டியலிலிருந்து தெளிவாயிற்று. உரிமம் பெற்ற சிறிய ஆலையிலிருந்து முறையான விவரச்சீட்டோடு வரும் நாற்பது ரூபாய்ப் புட்டி, புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயரைத் தாங்கிப் பாதி விலைக்கு விற்கும் போலியைவிட எவ்வளவோ நம்பத்தக்கது. எனவே நுகர்வோர் முதலில் அறிய வேண்டியது, பொருளைச் செய்தவர் யார், கெடுதல் நேர்ந்தால் அவரைப் பிடிக்க வழி உண்டா என்பதையே.

இந்தியாவில் ஒப்பனைப் பொருள்கள், மருந்துகளோடு சேர்த்து 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் ஒப்பனைப் பொருள்கள் சட்டத்தால் ஆளப்படுகின்றன. தூய்மைக்காகவோ அழகுக்காகவோ தோற்றத்தை மாற்றுவதற்காகவோ உடலில் தேய்க்கவும் தூவவும் தெளிக்கவும் பூசவும் செய்யப்படுபவை எல்லாம் இதில் அடங்கும். அச்சட்டத்தின்கீழ் 2020 டிசம்பரில் வெளியான ஒப்பனைப் பொருள்கள் விதிகளின்படி, விற்பனைக்காக இவற்றைத் தயாரிப்பவர் மாநில உரிம அலுவலரிடம் உரிமம் பெற வேண்டும். வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்பவர் மத்திய அரசிடம் பொருளைப் பதிவு செய்ய வேண்டும். ஆனால் விற்கும் கடைக்காரருக்கு, மருந்துக்கடைக்கு இருப்பதுபோன்ற தனி விற்பனை உரிமம் எதுவும் தேவையில்லை. மருந்துக்கடையில் உரிமமும் மருந்தாளுநரும் செய்யும் வடிகட்டும் வேலை வளையல் கடையில் நடப்பதில்லை என்பதால், அந்த வேலை வாங்குபவரின் கண்ணுக்கே வந்து சேர்கிறது.

கண் தேட வேண்டியவை சிலவே. தயாரித்தவரின் பெயரும் முழு முகவரியும், ‘எம்’ என்னும் ஆங்கில எழுத்தை முன்னே கொண்ட தயாரிப்பு உரிம எண், எந்த மாதம் எந்த ஆண்டுவரை பயன்படுத்தலாம் என்னும் குறிப்பு, இறக்குமதிப் பொருளானால் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, பதிவுச் சான்று எண் ஆகியவை சீட்டில் இருக்க வேண்டும். மிகச் சிறிய பொதிகள் தவிர மற்றவற்றில், சட்டமுறை எடையளவு விதிகளின்படி அதிகபட்ச சில்லறை விலையும் நிகர அளவும் நுகர்வோர் புகார் தொடர்பு விவரமும் இருக்க வேண்டும். உறையில் மூடி திறந்த டப்பாப் படமும் அதனுள் ‘12எம்’ என்பதுபோன்ற குறியும் காணப்பட்டால், திறந்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பது அதன் பொருள். அது காலாவதித் தேதிக்கு மாற்று அல்ல.

இங்கே விதியில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஒரு விழுக்காட்டுக்கு மேல் சேர்ந்துள்ள பொருள்களை அளவின் இறங்குவரிசையில் சீட்டில் அச்சிட வேண்டும் என்று கட்டளையிடும் அதே விதி, 60 மில்லிலிட்டருக்குக் குறைந்த திரவப் பொதிகளுக்கும் 30 கிராமுக்குக் குறைந்த திடப் பொதிகளுக்கும் அந்தக் கடமையிலிருந்து விலக்கு அளிக்கிறது. நகப்பூச்சுப் புட்டி பதினைந்து மில்லிலிட்டரைத் தாண்டுவது அரிது. உதட்டுச்சாயம் பெரும்பாலும் நான்கைந்து கிராம்தான் இருக்கும். ஆக, ஒவ்வாமை உள்ளவருக்கு மிகவும் தேவைப்படும் தகவல், அவர் அன்றாடம் வாங்கும் பொருளில் சட்டப்படியே இல்லாமல் போகலாம். சிறு எழுத்தில் அட்டைப்பெட்டியின் உட்புறத்திலோ இணையதளத்திலோ அச்சிடத் தடை ஏதும் இல்லாதபோது, இந்த விலக்கு யாருக்காக நீடிக்கிறது என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. விலக்கு இருந்தும் சேர்மானங்களை முழுமையாக அச்சிடும் நிறுவனங்கள் குறைந்த விலைப் பொருள்களிலும் உண்டு. தேர்ந்தெடுக்க வேண்டியவை அவையே.

சேர்மானங்களை அறிவது ஏன் தேவை என்பதற்கு நகப்பூச்சே நல்ல சான்று. அதில் நகத்தின்மேல் படலமாகப் படிவது நைட்ரோசெல்லுலோஸ். அதைக் கரைத்து வைத்திருப்பவை எத்தில் அசிடேட், பியூட்டைல் அசிடேட் ஆகிய ஆவியாகும் கரைப்பான்கள். காய்ந்த படலம் வெடிக்காமல் வளைந்து கொடுக்க நெகிழ்விப்பான் எனப்படும் பொருளும், மினுமினுப்புக்கும் பிடிப்புக்கும் பிசினும், நிறத்துக்கு நிறமியும் சேர்கின்றன. கரைப்பான்கள் எளிதில் தீப்பற்றக்கூடியவை என்பதால், எரியும் அடுப்புக்கும் விளக்குக்கும் அருகே நகப்பூச்சு பூசுவதும் அசிட்டோன் நீக்கியைத் திறந்து வைப்பதும் ஆபத்தானவை. பிசின்களில் ஒன்றான டோசிலமைடு ஃபார்மால்டிஹைடு பிசினுக்கு ஒவ்வாமை உள்ளவர்களிடம் ஏற்படும் விளைவு விந்தையானது: பூசிய விரலில் பெரும்பாலும் எதுவும் தெரிவதில்லை, கண்ணிமையிலும் கழுத்திலும் கன்னத்திலும் அரிப்பும் சிவந்த தடிப்பும் தோன்றும். நகத்தகடு தடிமனானது, அந்த நகம் அடிக்கடி தொடும் இமைத்தோலோ மிக மெல்லியது. இதனால் புதிய கண்மையின்மீதும் முகப்பூச்சின்மீதும் பழியைப் போட்டு அவற்றை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தும் குணமாகாமல் அலைபவர்கள் உண்டு. தோல் மருத்துவரிடம் செல்லும்போது நகப்பூச்சையும் கையோடு எடுத்துச் செல்வது, காரணத்தை விரைவில் கண்டுபிடிக்க உதவும்.

டொலுயீன், ஃபார்மால்டிஹைடு, டைபியூட்டைல் தாலேட் ஆகிய மூன்றும் நீண்டகாலமாகக் கண்டனத்துக்கு உள்ளானவை என்பதால், ‘மூன்றும் இல்லாதது’, ‘ஐந்தும் இல்லாதது’, ‘பத்தும் இல்லாதது’ என்னும் வாசகங்கள் இப்போது மலிவுப் புட்டிகளிலும் பளிச்சிடுகின்றன. இவ்வெண்களுக்குச் சட்ட வரையறை கிடையாது. எந்த ஐந்து, எந்தப் பத்து என்பதை நிறுவனமே தீர்மானிக்கிறது. கலிபோர்னியா மாநிலத்தின் நச்சுப் பொருள் கட்டுப்பாட்டுத் துறை 2012இல் சோதித்தபோது, டொலுயீன் இல்லை என்று கூறிக்கொண்ட 12 நகப்பூச்சுகளில் 10இல் அது இருந்தது. விலக்கப்பட்ட பொருளின் இடத்துக்கு வருவதும் எப்போதும் நல்லதாக அமைவதில்லை: தாலேட்டுக்குப் பதிலாகப் பல நிறுவனங்கள் எடுத்துக்கொண்ட டிரைஃபீனைல் பாஸ்பேட், பூசிய 10 முதல் 14 மணி நேரத்தில் உடலுக்குள் புகுவதை, சிறுநீரில் அதன் சிதைவுப்பொருள் ஏறத்தாழ ஏழு மடங்கு உயர்ந்ததைக் கொண்டு 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அதனால் எத்தகைய தீங்கு, எந்த அளவில் என்பது அந்த ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. நகம் எதையும் உள்ளே விடாது என்னும் நம்பிக்கைதான் அதனால் ஆட்டம் கண்டது.

சாதாரண நகப்பூச்சைவிடக் கூடுதல் கவனம் வேண்டுவது, சிறிய புற ஊதா விளக்கோடு சேர்த்து இணையத்தில் குறைந்த விலைக்கு விற்கும் ஜெல் பாலிஷ் தொகுப்பு. அதிலுள்ள மெத்தாக்ரிலேட் வகைச் சேர்மங்கள் விளக்கொளியில்தான் முழுமையாக இறுகும். விளக்கு போதாமலோ நேரம் குறைந்தோ போனால், இறுகாத எச்சம் நகத்தைச் சுற்றியுள்ள தோலில் பட்டு ஒவ்வாமையைத் தூண்டும். ஒருமுறை உண்டான இந்த ஒவ்வாமை வாழ்நாள் முழுவதும் நீடிக்கக்கூடியது. பல் அடைப்பு, எலும்பு அறுவைச் சிமெண்ட் போன்றவற்றில் இதே குடும்பச் சேர்மங்கள் இருப்பதால், பின்னாளில் மருத்துவச் சிகிச்சையே சிக்கலாகலாம். இவ்வகையில் முதன்மையான ‘ஹெமா’ என்னும் சேர்மத்தைத் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் கட்டுப்படுத்தியது.

அதே கடையின் அதே அலமாரியில் இருக்கும் முகவெளுப்பு கிரீமைப் பற்றிச் சொல்லாமல் விடுவது பொருந்தாது, ஏனெனில் முகவரியற்ற பொருள் எவ்வளவு தூரம் கெடுக்கும் என்பதற்கு அண்மைச் சான்று அதில்தான் இருக்கிறது. இந்திய விதிகளின்படி ஒப்பனைப் பொருளில் பாதரசம், தற்செயலாகக் கலந்ததாக இருந்தாலும், கண்ணைச் சுற்றிப் பூசுபவை தவிர மற்றவற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பாதரசம் கலந்த கிரீம் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. கேரளத்தில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு மருத்துவமனையில் பதிவான 22 சவ்வுச் சிறுநீரக நோயாளிகளில், 15 பேரிடம் அந்நோயின் ஒரு குறிப்பிட்ட வகை காணப்பட்டது. அவர்களில் 13 பேர் முகவெளுப்பு கிரீம் பூசியவர்கள் என்று மருத்துவர்கள் ஆய்விதழில் எழுதினர். தயாரித்தவரின் பெயரோ உரிம எண்ணோ இல்லாத சரக்கைப் பிடிக்க அம்மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023இல் ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் சோதனைகளை நடத்தியது.

வாங்குமுன் நிறத்தைப் பார்ப்பதற்காகக் கடையில் வைத்திருக்கும் டெஸ்டரைப் பூசிப் பார்ப்பதில் உள்ள சிக்கல், சேர்மானத்தைவிடக் கைமாறுவதில்தான் இருக்கிறது. பயன்பாட்டில் இருந்த 467 ஒப்பனைப் பொருள்களைச் சோதித்து இங்கிலாந்தின் ஆஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் பாக்டீரியா இருந்தது. அவை தனிநபர்களிடமிருந்து பெறப்பட்டவை என்பதை நினைத்தால், நூறு பேர் தொட்ட டெஸ்டரின் நிலையை ஊகிக்கலாம். உதட்டுச்சாயத்தை உதட்டில் வைக்காமல் புறங்கையில் தீட்டிப் பார்ப்பதும், கண்மை, மஸ்காரா டெஸ்டர்களை அறவே தவிர்ப்பதும் போதுமான காப்பு. வீட்டுக்கு வந்த புதிய பொருளை முழங்கையின் உட்புறத்தில் சிறிய இடத்தில் காலையும் மாலையும் ஒரு வாரம் பூசிப் பார்த்த பிறகு முகத்துக்குக் கொண்டுபோவது நல்லது. நகப்பூச்சானால் ஒரே ஒரு நகத்தில் பூசிச் சில நாள் காத்திருக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் கெடுதல் நேர்ந்தால் நிவாரணம் பில்லிலிருந்து தொடங்குகிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தர மறுப்பதையே முறையற்ற வணிக நடவடிக்கை என்கிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லின் அடியில் அச்சிட்டிருக்கும் வரியைப் பார்த்துப் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். குறைபாடுள்ள பொருளுக்கு அந்த வரி செல்லாது. திரும்பப் பெறும் காலம் பில்லில் குறிப்பிடப்படாவிட்டால், 30 நாள்களுக்குள் திருப்பித் தரும் குறைபாடுள்ள பொருளை ஏற்கவும் பணத்தைத் திருப்பவும் மறுப்பதும் முறையற்ற வணிக நடவடிக்கையே. நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்பவற்றுக்கு இந்த உரிமை கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும்.

கடைக்காரர் மறுத்தால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வாங்கிய ஊரில்தான் வழக்குத் தொடர வேண்டும் என்பதும் இல்லை, முறையீட்டாளர் வசிக்கும் ஊரிலேயே தொடரலாம். சிக்கல் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். தடிப்பு தெரியும் படம், மருத்துவரின் சீட்டு, மீதமுள்ள பொருளோடு கூடிய புட்டி, அதன் அட்டைப்பெட்டி, பில் ஆகியவையே சான்றுகள். திறந்த புட்டியில் வேறு எதுவோ கலந்துவிட்டது என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் உண்டு என்பதால், அதே கடையில் அதே தொகுதியைச் சேர்ந்த திறக்காத புட்டி ஒன்றைப் பில்லோடு வாங்கி வைத்துக்கொள்வது வழக்கை வலுவாக்கும். 1940ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, வாங்கிய ஒப்பனைப் பொருளை உரிய கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதித்து அறிக்கை பெறும் உரிமையை எவருக்கும் அளிக்கிறது. அதிகம் பேருக்குத் தெரியாத பிரிவு இது. போலி என்ற ஐயம் இருந்தால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் தெரிவிக்கலாம். பொருளை யாரிடம் வாங்கினார் என்பதை ஆய்வாளர் கேட்டால் கடைக்காரர் சொல்லியாக வேண்டும், போலி ஒப்பனைப் பொருள் விற்பவருக்கு 3 ஆண்டுவரை சிறையும் அபராதமும் உண்டு.

தயாரித்தவர் யாரென்றே தெரியாத புட்டிக்கு யார்மீது வழக்குத் தொடர்வது என்னும் கேள்விக்கும் நுகர்வோர் சட்டம் விடை வைத்திருக்கிறது. தீங்கு விளைந்த பொருளின் தயாரிப்பாளர் இன்னார் என்று அறிய முடியாவிட்டாலோ, அறிந்தும் அவருக்கு அறிவிப்பைச் சேர்ப்பிக்க இயலாவிட்டாலோ, அச்சட்டத்தின் 86ஆம் பிரிவின்படி அந்தப் பொருளை விற்றவரே பொறுப்பாளி ஆகிறார். முகவரி இல்லாத சரக்கை மலிவாக எடுத்து அடுக்கும் கடைக்காரர்கள் தங்கள் பெயரையே அதன் முகவரியாக எழுதிக்கொள்கிறார்கள் என்பதை, வாங்குபவர்களைவிட அவர்களே முதலில் அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.