பச்சை குத்திய உடம்பும் சட்டமும்

குற்றம் செய்தாயா என்பது ஒரு கேள்வி. நீ யார் என்பது இன்னொன்று. குடியுரிமை இல்லாதவனிடம் அரசு இரண்டாவதைத்தான் கேட்கிறது. பதிலையும் அதுவே எழுதிக்கொள்கிறது.

2025 மார்ச்சில் அமெரிக்காவில், போர்க்கால எதிரிநாட்டாருக்கென 1798இல் போட்ட சட்டத்தைத் தூசிதட்டி எடுத்தார்கள். 'த்ரென் தெ அராகுவா' கும்பல் உள்ளே வந்தது படையெடுப்பாம். நூற்றுக்கும் மேற்பட்ட வெனிசுவேலாக்காரர்களை விசாரணையில்லாமல் விமானமேற்றி எல் சால்வடோர் சிறையில் தள்ளினார்கள். அதிகாரி கையில் ஒரு மதிப்பெண் தாள். கும்பலின் பச்சை குத்தியிருப்பதாக அவருக்குப் பட்டால் நாலு, உடுப்பில் சின்னம் தெரிந்தால் இன்னொரு நாலு. எட்டு வந்தால் ஆள் உறுப்பினன். உடம்பே வாக்குமூலம்.

இதன் பூர்வகதை இன்னும் விசித்திரம். எம்.எஸ்.13 கும்பல் பிறந்த இடம் லாஸ் ஏஞ்சலீஸ். 1980களில் சால்வடோர் உள்நாட்டுப் போருக்குத் தப்பி வந்த அகதிப் பையன்கள் அந்தத் தெருக்களில் கட்டியது. 1996இன் குடியேற்றச் சட்டம் சின்னக் குற்றங்களுக்கும் நாடுகடத்தலை விரித்தபோது பையன்களோடு கும்பலும் ஏற்றுமதியாச்சு. அப்புறம் அங்கிருந்து ஓடி வருகிறவனையே கும்பல்காரன் என்று சந்தேகப்பட்டார்கள்.

2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், முன்னறிவிப்பு தந்துதான் அனுப்பணும் என்றது. ஆனால் எவன் எந்த ஊரில் அடைபட்டிருக்கிறானோ அங்கேயே வழக்குப் போடணுமாம். ஏற்கெனவே எல் சால்வடோருக்குப் போனவர்கள் ஜூலையில், கைதிப் பரிமாற்றத்தில்தான் வெளியே வந்தார்கள்.