போன் அளவுக்கு ஒரு துப்பாக்கி: எடை குறைந்தால் நல்லதா? - அமெரிக்காவின் ‘மறைத்து எடுத்துச் செல்லும்’ கைத்துப்பாக்கிகள் பற்றி ஒரு விளக்கம்

உங்கள் கையில் இருக்கும் ஸ்மார்ட்போன் ஏறக்குறைய 200 கிராம் இருக்கும். அமெரிக்காவில் 2008-ல் ரூகர் நிறுவனம் அறிமுகப்படுத்திய ‘எல்சிபி’ என்ற கைத்துப்பாக்கி, தோட்டா போடாத நிலையில், சுமார் 270 கிராம்தான். ஜீன்ஸ் பாக்கெட்டில் போட்டால் வெளியே தெரியாது. காலையில் போன், பர்ஸ், கார் சாவி எடுப்பதுபோல இதையும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் அங்கே ஏராளம்.

‘கன்சீல்டு கேரி’ என்று இதைச் சொல்கிறார்கள். அதாவது, வெளியே தெரியாமல் உடம்போடு துப்பாக்கியை வைத்திருப்பது. கடைக்குப் போனால் ஷோகேஸ் முழுக்கச் சின்னச் சின்னத் துப்பாக்கிகள். “இருப்பதிலேயே சின்னது எது, லேசானது எது?” என்பதுதான் புதிதாக வாங்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி. ஆனால், அதை முதலில் கேட்பதே தவறு என்கிறார்கள் அனுபவமுள்ள பயிற்சியாளர்கள். ஏன்?

இந்தச் சந்தை எப்படி உருவானது?

சின்னத் துப்பாக்கி புதிய விஷயம் அல்ல. ஸ்மித் அண்டு வெசன் நிறுவனம் 1950-லேயே ‘சீஃப்ஸ் ஸ்பெஷல்’ என்ற ஐந்து தோட்டா ரிவால்வரைக் கொண்டுவந்தது. மஃப்டியில் போகும் போலீஸாருக்குப் பிடித்த ஆயுதம் அது. அதே குடும்பத்தைச் சேர்ந்த அலுமினிய உடல் கொண்ட ‘642’ மாடல், சுமார் 400 கிராம் எடையில் இன்றும் விற்பனையாகிறது.

1994-ல் வந்த மத்தியச் சட்டம் ஒன்று, 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் புதிய மேகசின்களைப் பொதுமக்களுக்கு விற்கத் தடை போட்டது. ‘பத்துதான் போட முடியும் என்றால் துப்பாக்கி ஏன் பெரிதாக இருக்க வேண்டும்?’ என்று நிறுவனங்கள் யோசித்தன. சின்ன 9 எம்எம் பிஸ்டல்கள் பெருகின. 2004-ல் அந்தத் தடை காலாவதியானது. ஆனால், சின்னத் துப்பாக்கி மேல் வந்த ஆசை காலாவதியாகவில்லை. 2012-ல் ‘எம் அண்டு பி ஷீல்டு’, 2015-ல் ‘கிளாக் 43’, 2018-ல் ‘சிக் சாவர் பி365’ என்று வரிசையாக வந்தன. பி365-ன் அகலம் ஏறக்குறைய ஒரு அங்குலம், எடை சுமார் அரை கிலோ. அதற்குள் 10 தோட்டா மேகசினைப் பொருத்திக் காட்டியதும், மற்ற நிறுவனங்களும் அதே வழியில் ஓடத் தொடங்கின.

சட்டமும் தளர்ந்தது. நியூயார்க்கில் துப்பாக்கியோடு வெளியே நடமாட உரிமம் வேண்டுமென்றால், ‘எனக்குத் தனிப்பட்ட அபாயம் இருக்கிறது’ என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. 2022 ஜூனில் அந்த விதியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் ரத்து செய்தது. ‘புரூவன்’ வழக்கு என்று அழைக்கப்படும் தீர்ப்பு இதுதான். இன்னொரு பக்கம், உரிமமே இல்லாமல் மறைத்து எடுத்துச் செல்ல அனுமதிக்கும் மாநிலங்களின் எண்ணிக்கை 2024-ல் 29 ஆனது. டெக்சாஸ் 2021-லும், புளோரிடா 2023-லும் இந்தப் பட்டியலில் சேர்ந்தன.

பியூ ஆய்வு மையம் 2023-ல் நடத்திய கருத்துக்கணிப்பில், துப்பாக்கி வைத்திருப்பவர்களில் 72 சதவீதம் பேர் ‘பாதுகாப்பு’தான் முக்கியக் காரணம் என்று சொன்னார்கள். வேட்டைக்காரரின் ஆயுதமாக இருந்தது, இப்படித்தான் அலுவலகம் போகிறவரின் பொருளாகவும் மாறியது.

எடை குறைந்தால் என்ன பிரச்சினை?

பள்ளியில் படித்த நியூட்டன் விதிதான். தோட்டா முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். அதே தோட்டாவை, எடை பாதியாக உள்ள துப்பாக்கியில் சுட்டால், அது இரண்டு மடங்கு வேகத்தில் பின்னால் வரும். கையில் விழும் அடியின் ஆற்றலும் இரண்டு மடங்காகும். இடுப்பில் குறைந்த எடை, மணிக்கட்டில் வந்து உட்காருகிறது.

இரண்டாவது, குறி. துப்பாக்கியின் மேல் முன்னே ஒன்று, பின்னே ஒன்று என இரண்டு குறிகள் இருக்கும். இரண்டையும் ஒரே நேர்க்கோட்டில் கொண்டுவந்துதான் சுட வேண்டும். சின்னத் துப்பாக்கியில் இந்த இடைவெளி சுமார் 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கை ஒரு மில்லிமீட்டர் விலகினால், 7 மீட்டர் தூரத்தில் தோட்டா 7 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். முழு அளவு பிஸ்டலில் இடைவெளி அதிகம், அதனால் அதே தவறு அங்கே சுமார் 4 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். பதற்றத்தில் கை நடுங்கும்போது இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகும். தவறிய தோட்டா காற்றில் கரைந்துவிடாது. சுவரிலோ, பக்கத்தில் நிற்பவர் மேலோதான் போய் விழும்.

மூன்றாவது, ட்ரிகர். மேலே சொன்ன 400 கிராம் ரிவால்வரின் ட்ரிகரை இழுக்க, சுமார் 5 கிலோ அழுத்தம் தேவை. துப்பாக்கியின் எடையைவிட பத்து மடங்குக்கும் மேல்! தெரியாமல் விரல் பட்டுச் சுட்டுவிடக் கூடாது என்பதற்கு அது நல்லது. ஆனால், இழுக்கும்போது முழுத் துப்பாக்கியும் ஆடும். ரிவால்வர் எளிதானது, பழுதாகாது என்பார்கள். எளிதானதுதான். ஆனால், அதில் நன்றாகச் சுடுவது எளிதல்ல.

“பெண்களுக்கு லேசானதுதான் சரி” - உண்மையா?

கடைகளில் அடிக்கடி சொல்லப்படும் அறிவுரை இது. இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு குட்டி ரிவால்வரை எடுத்து நீட்டுவார்கள். நம் நாட்டிலும் இதே சிந்தனை வந்தது. கான்பூரில் உள்ள மத்திய அரசின் ஆயுதத் தொழிற்சாலை 2014-ல் ‘நிர்பீக்’ என்ற ரிவால்வரை வெளியிட்டது. 500 கிராம் எடை, கைப்பையில் வைக்கும் அளவு, விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய். பெண்களுக்கான துப்பாக்கி என்றே அது விளம்பரமானது.

ஆனால் மேலே பார்த்த கணக்குப்படி, லேசான துப்பாக்கிதான் அதிகம் உதைக்கும். முதல் நாளே கை வலித்தால், அடுத்த வாரம் யாரும் பயிற்சிக்குப் போகமாட்டார்கள். துப்பாக்கி அலமாரிக்குள் போய்விடும்.

பிஸ்டலில் இன்னொரு சிக்கலும் உண்டு. சுடுவதற்கு முன் மேல்பகுதியைப் பின்னால் இழுத்துவிட வேண்டும். ‘ஸ்லைடு’ என்று இதைச் சொல்வார்கள். சின்ன பிஸ்டல்களில் இந்த ஸ்பிரிங் பெரும்பாலும் கடினமாக இருக்கும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு இழுக்கவே முடியாது. இதற்காகவே ஸ்மித் அண்டு வெசன் 2018-ல் ‘ஷீல்டு இஇசட்’ என்ற மாடலைக் கொண்டுவந்தது. .380 தோட்டா, சற்றே பெரிய உடல், எளிதாக இழுபடும் ஸ்லைடு. ‘சின்னது எளிது’ என்ற எண்ணத்துக்கு நிறுவனங்களே தந்த மறுப்பு என்றும் இதைப் பார்க்கலாம்.

அப்போ எதைப் பார்த்துத் தேர்வு செய்கிறார்கள்?

தோட்டா வகை: மிகச் சின்ன பிஸ்டல்கள் .380 தோட்டாவைப் பயன்படுத்துகின்றன. உதை குறைவு, சக்தியும் குறைவு. 9 எம்எம் இன்று பரவலான தேர்வு. எஃப்பிஐ கூட .40 தோட்டாவிலிருந்து 9 எம்எம்-க்கே திரும்பியது. உதை குறைவதால் ஏஜென்டுகள் வேகமாகவும் துல்லியமாகவும் சுடுகிறார்கள் என்பது அது சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று. விலையிலும் 9 எம்எம் தோட்டா பொதுவாக .380-ஐவிட மலிவு. பயிற்சிக்கு நூற்றுக்கணக்கில் சுட வேண்டியிருக்கும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

பிடி: மூன்று விரல்களும் பிடியில் உட்கார வேண்டும். சுண்டுவிரல் காற்றில் தொங்கினால் கட்டுப்பாடு போச்சு. இதை விளம்பரப் படத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்து, குறைந்தது ஒரு பெட்டி, அதாவது 50 தோட்டா, சுட்டுப் பார்த்த பிறகே வாங்கச் சொல்கிறார்கள் பயிற்சியாளர்கள்.

உறை: ‘ஹோல்ஸ்டர்’ எனப்படும் உறைதான் பலர் காசு மிச்சம் பிடிக்கும் இடம். ஆபத்தும் அங்கேதான். உறை ட்ரிகரை முழுவதும் மூட வேண்டும். உறை இல்லாமல் பாக்கெட்டில் போட்டால், சாவியோ, சட்டையின் நுனியோ, நாணயமோ ட்ரிகரில் சிக்கினால் போதும். துப்பாக்கி இருக்கும் பாக்கெட்டில் வேறு எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி.

ஆக, நடைமுறையில் பலரும் வந்து நிற்கும் இடம் நடுவாந்தரம்: இருப்பதிலேயே சின்னது அல்ல, தினமும் சுமக்க முடிகிற அளவுகளில் கொஞ்சம் பெரியது.

கழற்றி வைத்த பிறகுதான் கதையே

சின்னத் துப்பாக்கியின் பெரிய அபாயம் அதன் நல்ல குணத்திலேயே இருக்கிறது. அது இருப்பதே மறந்துபோகும்.

அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் 2023-ல் மட்டும் 6,737 துப்பாக்கிகள் பயணிகளின் கைப்பைகளிலிருந்தும் உடைமைகளிலிருந்தும் பிடிபட்டன. அவற்றில் சுமார் 93 சதவீதம் தோட்டா நிரப்பியவை. “பையில் இருந்தது மறந்துட்டேன்” என்பதுதான் அடிக்கடி கேட்கும் பதில்.

மறதியின் விலை சில நேரம் உயிர். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில், கடைக்குக் குழந்தைகளோடு போன ஒரு தாயின் கைப்பையில் துப்பாக்கி இருந்தது. துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்துத் தைத்த பை. டிராலியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயது மகன் பைக்குள் கைவிட்டான். துப்பாக்கி வெடித்தது. தாய் அங்கேயே இறந்துபோனார். அவர் துப்பாக்கிக்குப் புதியவர் அல்ல, முறையான உரிமமும் வைத்திருந்தார். உடம்பில் இருக்க வேண்டியது பைக்குப் போனது, பை ஒரு கணம் கைவிட்டு விலகியது. அவ்வளவுதான்.

இன்னொரு புள்ளிவிவரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பாதிக்கும் மேல்! வெளியே இருக்கும் திருடனை நினைத்து வாங்கிய துப்பாக்கி, வீட்டில் மனம் உடைந்திருக்கும் ஒருவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அதனால்தான் விரைவாகத் திறக்கும் சிறு லாக்கரையும் துப்பாக்கியின் விலையோடு சேர்த்தே கணக்கிடச் சொல்கிறார்கள்.

அங்கே இருக்கும் தமிழர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

டாலஸிலும் ஹூஸ்டனிலும் இருக்கும் நம்மவர்கள் பலர் நினைப்பது: “டெக்சாஸில் உரிமமே வேண்டாமே, நானும் ஒன்று வாங்கலாமே?”

நீங்கள் ஹெச்1பி, எல்1, எஃப்1 போன்ற விசாவில் இருந்தால், பொதுவாக முடியாது. தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் தடை செய்கிறது. மாநிலச் சட்டம் எவ்வளவு தளர்வாக இருந்தாலும் இது பொருந்தும். சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இந்தத் தடைக்குள் வரும். மாநில வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. நண்பர் சொன்னதை நம்பி இறங்காமல், வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது. மீறினால் 15 ஆண்டுகள் வரை சிறை, அதன்பின் நாடு கடத்தலும் நடக்கலாம். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

வாங்கத் தகுதி உள்ளவர்களுக்கும் எல்லைகள் உண்டு. ஒரு மாநிலத்தின் உரிமம் எல்லா மாநிலத்திலும் செல்லாது. நியூயார்க், கலிஃபோர்னியா இரண்டும் வெளிமாநில உரிமத்தை ஏற்பதில்லை. நியூயார்க்கில் உரிமத்துக்கு 16 மணி நேர வகுப்பும், 2 மணி நேரச் சுடும் பயிற்சியும் கட்டாயம். டெக்சாஸிலேயே கடை வாசலில் ‘30.06’ அறிவிப்புப் பலகை இருந்தாலோ, மதுக்கூடத்தில் சிவப்பு நிற ‘51%’ பலகை இருந்தாலோ, துப்பாக்கியோடு உள்ளே போவது குற்றம். தபால் நிலையம் உள்ளிட்ட மத்திய அரசுக் கட்டிடங்களிலும் அனுமதி கிடையாது.

ஊருக்கு வரும்போது பையை ஒருமுறை உதறிப் பாருங்கள். சுடுதளத்துக்குப் போன பையில் தங்கிவிட்ட ஒற்றைத் தோட்டா போதும், நம் விமான நிலையத்தில் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி வழக்குப் பாய.

துப்பாக்கியே வேண்டாம் என்று இருப்பவர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. அங்கே குழந்தையை நண்பர் வீட்டுக்கு விளையாட அனுப்பும்போது, “நாய் இருக்கா? நீச்சல் குளம் இருக்கா?” என்று கேட்கிறோம் அல்லவா? அதோடு, “வீட்டில் துப்பாக்கி இருக்கா? பூட்டி வெச்சிருக்கீங்களா?” என்றும் கேளுங்கள். அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர்களே பெற்றோரைக் கேட்கச் சொல்லும் கேள்வி அது. பொறுப்போடு வைத்திருப்பவர் யாரும் அதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார்.