முற்றத்து மணலும் பிள்ளையின் விரலும்

காத்தான்குடிக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. இடையிலுள்ள சில சதுர கிலோமீற்றர் நிலத்தில் 40,000க்கும் மேற்பட்டோர் வாழ்கிறோம். நம் வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகிறது. உம்மாவின் வளவு மகள்மாருக்குப் பிரியும். பிறகு பேத்திமாருக்கும் பிரியும். பங்கு பிரிக்கும்போது அறை, குசினி, கிணறு, பாதை எல்லாம் பேச்சில் வரும். பிள்ளை விளையாடும் இடம் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. மிஞ்சிய முற்றத்துக்கும், "மண் ஊட்டுக்குள்ள வருது" என்று சீமெந்து போட்டுவிடுகிறோம்.

இதன் விளைவை வகுப்பறையில் காண்கிறேன். எழுத்துகளை வாயால் மளமளவென்று சொல்லும் பிள்ளை பென்சிலைப் பிடிக்கத் தடுமாறுகிறது. விரலில் வலுவில்லை. மணலை அள்ளுவதும் ஊற்றுவதும், வாவிக்கரையில் ஊரி பொறுக்குவதும், கொக்கான் கல்லை எறிந்து பிடிப்பதும் விரலையும் கண்ணையும் இணைத்துப் பழக்கும் வேலைகள். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலில் விரலால்தான் எழுத்தைத் தொடங்கினார்கள். 1907இல் ரோமில் 'குழந்தைகள் இல்லம்' தொடங்கிய மரியா மொண்டிசோரியும், சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் தடவிப் பழகச் செய்தார். 1939இல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார்.

இதற்குத் தனி அறை வேண்டாம். ஒரு பாயளவு இடம் போதும். பன்பாயை விரித்தால் விளையாட்டு ஆரம்பம்; பொருட்களை எடுத்து வைத்துப் பாயைச் சுருட்டினால் முடிவு. இந்த ஒழுங்கைப் பிள்ளையே செய்யட்டும். அதன் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு தட்டு வைத்து, நாலைந்து பொருட்களை மட்டும் அதில் அடுக்குங்கள். மற்றவற்றை எடுத்து வைத்துவிட்டு வாரமொரு முறை மாற்றினால் பழைய பொருளும் புதிதாகத் தெரியும். அகன்ற பேசினில் கழுவிய மணல், இரண்டு சிரட்டை, ஓர் அகப்பை. இரவில் மூடிவிட வேண்டும், பூனை வரும்.

மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் கையில் புளியங்கொட்டை, மஞ்சாடி, சோகி கொடுக்கக்கூடாது, தொண்டையில் சிக்கிவிடும். கிணற்றடியிலும் தண்ணீர் வாளிக்குப் பக்கத்திலும் கண் மாறக்கூடாது.

நம் சீதன வழக்கத்தில் ஒரு பெரிய நன்மையும் உண்டு. மூத்தம்மாவும் சாச்சிமாரும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். மூத்தம்மா போடும் ஒரு நொடியை அவிழ்க்கப் பிள்ளை எத்தனை சொற்களைத் தேடிப் பார்க்கிறது! கைத்தொலைபேசி அப்படித் தேட விடாது. விடையை அதுவே காட்டிவிடும்.

ஆகவே, அடுத்த முறை வளவைப் பங்கிடும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். சகோதரிகளின் வீடுகளுக்கு நடுவே மதில் எழுப்புமுன் பத்தடி மணலைப் பொதுவாக விட்டு வையுங்கள். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் அதில் ஒன்றாக வளருவார்கள்.